அறுபத்தொன்றாம் எண் துண்டு

மார்ச் 4
அறுபத்தொன்றாம் எண் துண்டின் முடிவு வந்துவிட்டது. அது யாருடைய கட்டி என்று எனக்குத் தெரியக்கூடாது; விதி அப்படி. தெரியாமல் எப்படி இருக்கும்? அக்காவின் ஈரலிலிருந்து வெட்டி எடுத்த கையோடு ஐஸ் டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவளே நான்தான்.

லாக்டைலேஷன் குறைவு. மிக மிகக் குறைவு! செல் சர்க்கரையை அரைகுறையாக எரித்தால் லாக்டேட் மிஞ்சும். அது புரதங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்; அதுதான் லாக்டைலேஷன். அந்த ஒட்டல் அதிகமாக இருந்தவர்களுக்கே பெரும்பாலும் கட்டி திரும்ப வந்திருக்கிறது. ஐந்து வருடமாக நான் கட்டிக்கொண்டு அழுகிற கண்டுபிடிப்பு இது. போன் போட்டு, "அக்கா, உனக்குத் திரும்ப வராது" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. போகட்டும், எத்தனை நாள் கழித்துச் சிரித்தாள்!

ஜூன் 11
ஆபரேஷனுக்குப் பிறகான மூன்றாம் மாத ஸ்கேனுக்கு அக்கா போகவே இல்லையாம். கேட்டால், "நீயே வராதுன்னு சொல்லிட்ட. அப்புறம் அந்தக் குழாய்க்குள்ள போய் எதுக்குடி படுக்கணும்? எனக்கு மூச்சு முட்டுது" என்கிறாள். அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. உள்ளூரப் பெருமையாக இருந்தது. எங்கள் புரொபசரே தயங்குகிற முடிவை ஒருத்தியாவது நம்புகிறாளே.

ஆகஸ்ட் 19
எழுதினால் மனசு அடங்குமா?

வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்த துண்டுகளில், கட்டி திரும்ப வந்தவர்களுடையதில்கூட, ஒட்டல் ஏறவே இல்லை. ஏன் என்று குழம்பி விசாரித்தால், அங்கே வெட்டியதுமே ஐஸில் போட்டுவிடுவார்களாம். இங்கே எப்படி என்று எங்கள் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளரிடம் போய்க் கேட்டேன்.

"ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு ஓட முடியுமா மேடம்? தட்டுல வச்சிருப்போம். மதியம் எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டுவருவோம். அஞ்சு வருஷமா அப்படித்தான்."

சிக்கலான ஆபரேஷன்களைக் காலையில் முதலில் முடிப்பார்கள். ஆக, அந்தத் துண்டுகள்தான் மதியம்வரை மேசையில் கிடந்திருக்கின்றன. ரத்த ஓட்டம் நின்ற சதையில் லாக்டேட் ஏறாமல் என்ன செய்யும்? சிக்கலான கட்டி திரும்பவும் வரத்தான் செய்யும். நான் அளந்தது நோயை இல்லை — காத்துக் கிடந்த நேரத்தை!

அக்காவுடையது மட்டும் ஏன் குறைந்தது? நான் ஓடினேன். அவ்வளவுதான்.

அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்…

ஆகஸ்ட் 20
அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். காரணம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24
ஈரலில் இரண்டு. நுரையீரலில் ஒன்று. "ஜூன்லயே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர், படத்தைப் பார்த்தபடியே.

ஆகஸ்ட் 25
பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி புரொபசருக்கு எழுதினேன். ஐந்து வருடம் மண்ணாய்ப் போயிற்று. அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை.

ஆகஸ்ட் 30
அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. தலையணை உறையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு சொன்னாள்: "இத உங்க அத்தான்கிட்ட சொல்லித் தொலைக்காத. நான்தான் பயந்துக்கிட்டுப் போகலன்னே இருக்கட்டும்."

ஆறு மணிக்கு அத்தான் வந்தார். "ஒரு ஸ்கேனுக்குப் போக என்னடி கேடு உனக்கு?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு அழுதார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.