தலைதட்டி ஒரு கரண்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்று நானூறு பாட்டில் கழுவினேன். சரி, நாற்பது. களைப்பு நானூறுக்கு உண்டு. இந்த ஆய்வுக்கூடம் நடப்பதே என் கையால்தான் என்று பெரிய டாக்டரே சொன்னார். வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

அக்கா மகள் இங்கே கல்லீரல் செல் வளர்க்கிறாள், மருந்துகளைச் சோதித்துப் பார்க்க. தட்டில் வைத்த ஒரு வாரத்தில் அது, தான் ஓர் ஈரல் என்பதையே மறந்து, செத்தும் போகிறதாம். மூன்று வாரம் பிழைக்க வைக்க வேண்டும். அதற்கு என்ன தீனி, எவ்வளவு என்று இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். செல்லுக்குள் போவது எதுவாக மாறுகிறது, எங்கே கழிவாகிறது என்று ஒரு ஊருக்குச் சாலை போட்ட மாதிரி வரைந்து வைத்திருக்கிறாள். எனக்குப் பாதி புரிந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்குப் பாதி புரிந்தால் சும்மாவா?

மார்ச் 5, வியாழன்

புதுச் சீட்டு கொடுத்தாள். தூள்களை நிறுத்துத் தீனி நீர் கரைப்பதும் என் வேலைதான். ஐந்து லிட்டருக்கு மூன்று கிராம் போட்டுவந்த குளுட்டமின் என்கிற சத்துத் தூள், இனி அரை கிராம்.

"ஏம்மா, பட்டினி போடறியா?"

"அதிகமானா அது அம்மோனியாவா மாறி செல்லையே கொன்னுடுது மாமா. கணக்கு சொல்லுது."

கணக்குக்கு வயிறா இருக்கிறது? அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். வளர்கிற உயிர், நன்றாகத் தின்னட்டும். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

எல்லாத் தட்டும் செத்துவிட்டது. வைத்து ஐந்தே நாள்.

மார்ச் 12, வியாழன்

பெரிய டாக்டர் வந்து நின்றார். "கணக்கு தப்பும்மா. மாசக் கடைசியோட இதை மூடிடலாம்."

அவள் இரண்டு வருஷ நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தாள், எங்கே பிசகினோம் என்று. நான் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். வாய் ஓயாதவன் நான். டீயை மட்டும் வைத்துவிட்டுப் பாட்டில் கழுவப் போனேன்.

மார்ச் 14, சனி

அவள் சாப்பிடுவதில்லை. அக்கா போன் செய்தாள். "நீ அங்கதானடா இருக்கே, அவளைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

பார்த்துக்கிட்டேனே, நல்லா! சொன்னா வேலை போயிடும் — போகட்டும். அவ முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சொல்லலைன்னா அவ கணக்கு தப்புன்னே ஆயிடும். என்ன பண்ணுவேன் நான்?

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

திட்டவில்லை. "எவ்வளவு போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு கைப்பிடி."

அள்ளித் தராசில் வைக்கச் சொன்னாள். இருபத்திரண்டு கிராம். கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு போட்டிருந்தா மறுநாளே செத்திருக்கும். அஞ்சு நாள் இருந்துச்சே! மாமா, இந்த ஒரு தடவை மட்டும் உள்ளதைச் சொல்லுங்க."

செய்த குற்றத்தைக்கூடப் பெரிதாக்கித்தான் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

"சின்னக் கரண்டிம்மா. தலைதட்டி ஒண்ணு."

நான்கு கிராம். திரையில் கோடு சரிந்து சரிந்து வந்து ஐந்தாம் நாளில் தரை தட்டியது. அவள் கணக்கு தப்பவே இல்லை. மேசையில் தலை கவிழ்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா?

மார்ச் 18, புதன்

"ஒரே ஒரு தட்டு. ஒரே ஒரு தடவை" என்று, நடந்ததையெல்லாம் கேட்டபின் பெரிய டாக்டர் இறங்கி வந்தார்.

தூள் அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். வளையத்திலிருந்து அவளே கழற்றிக்கொண்டாள். நானாகவே சாவியை ஒப்படைத்ததாகக் காவலாளியிடம் சொன்னேன்.

மார்ச் 30, திங்கள்

புதுத் தட்டு வைத்துப் பதினோராம் நாள். அந்த அறைக்குள் நான் போகக் கூடாது. கதவுக் கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நுண்ணோக்கியில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. வெளியே வந்து, "இன்னும் இருக்கு மாமா" என்றாள். அவ்வளவுதான். மூன்று வாரம் தாங்குமா, அதுவரை பெரிய டாக்டர் பொறுப்பாரா — என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

பாட்டில் முப்பத்தேழு கழுவினேன். முப்பத்தேழுதான்.