மேற்கே வாங்கும், கிழக்கே கொடுக்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அத்தானுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? இங்கே நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

நேற்று உன் தந்தி வந்தது. ஒன்பதாம் நாளும் கிழக்கே உங்கள் கரையில் யாரும் ஒதுங்கவில்லை என்றதும் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஏரி மேற்கே ஓர் ஆளை வாங்கினால் ஒன்பது நாளில் கிழக்கே கொடுத்துவிடும் என்பது இங்கே பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரிந்த பேச்சு. கொடுக்கவில்லை என்றால் வாங்கவே இல்லையாம். ஆள் நடுஏரித் தீவு எதிலோ உயிரோடு இருக்கிறாளாம். எதிர்வீட்டுத் தையல்காரி என்னைக் கட்டிக்கொண்டு, "இனி அழாதே, உன் பொண்ணு தீவுல உக்காந்து உன்னைத்தான் திட்டிக்கிட்டிருப்பா" என்றாள். இவர் ஒன்பது நாளுக்குப் பிறகு உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். கையோடு பட்டறைக்குப் போய், பாறையில் சிக்கிக் கிடந்த அவள் படகின் உடைந்த பலகையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். வந்ததும் படகு எங்கே என்று கேட்பாளாம்.

நான்தான் தட்டைத் தொடவில்லை. நீரளவை ஆபீசில் அவள் என்ன வேலை பார்த்தாள் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். நீரோட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்க இரண்டு வருஷமாக அவள் இங்கே சிவப்புக் கட்டைகளைத் தண்ணீரில் விட்டாள். நீ அங்கே பொறுக்கி, தேதி எழுதி அனுப்பினாய். ஊர் அவளுக்குக் கட்டைக்காரி என்று பெயர் வைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் நானும் சேர்ந்து சிரித்தேனே அக்கா.

போன மாதம் சாப்பிடும்போது ஏரி வரைபடத்தை என் தட்டருகே விரித்தாள். "அம்மா, மிதக்கறதுக்குத்தான் ஒன்பது நாள். கனமானது அடிநீரோட்டத்துல போகும். தெற்கே சுத்தி, பெரியம்மா வீட்டுக்குக் கீழே நாணல் வளைவுல பதினேழாம் நாள்தான் ஏறும்" என்றாள். கனமானது என்றால் எது என்று கேட்டேன். வரைபடத்தில் அந்த வளைவைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, "எல்லாரும் ஒன்பதாம் நாளே தேடறதை நிறுத்திடறாங்கம்மா" என்றாள். தட்டில் படுகிறது, மடித்து வை என்று அதட்டினேன். மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெற்ற பெண்ணின் கணக்கு தப்பாகிப்போக வேண்டும் என்று வேண்டுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சின்ன வகுப்பிலிருந்து அவள் கணக்கு தப்பியதில்லை.

இன்று பத்தாம் நாள். தபால் படகு உங்கள் கரை சேர ஐந்து நாள் ஆகும். நீ இதைப் படித்த பிறகு இரண்டு நாள் மிச்சமிருக்கும். தந்தியே அடித்திருக்கலாம். ஆனால் தந்தி ஆபீஸ்காரர் இவருக்குச் சிநேகிதர், அவர் வாயில் எதுவும் நிற்காது. எல்லாரும் தேடி நின்ற மணல்கரைக்கு நீ போகாதே. பதினேழாம் நாள் விடிந்ததும் நாணல் வளைவுக்குப் போ. அத்தானையும் கூட்டிக்கொண்டு போ.

அங்கே ஒன்றும் இல்லை என்றால் உடனே தந்தி அடி. அவள் கணக்கு தோற்றது என்று நானே தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேன். அவள் வந்திருந்தால் தந்தி வேண்டாம், கடிதமாக எழுது. தந்தி வராததிலேயே நான் தெரிந்துகொள்வேன். கடிதம் வந்து சேரும்வரை இவர் இன்னும் ஐந்து நாள் சாப்பிடட்டும்.

வந்திருந்தால், முதலில் அவள் தலையைத் துவட்டிவிடு அக்கா. ஈரத்தலை அவளுக்கு ஆகாது.

இப்படிக்கு,
உன் தங்கை