ரசீது கேட்டால் முறுக்கு

இருங்காட்டுக்கோட்டை
12.8.2013

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என் பி.பி.எஃப். சேமிப்புக் கணக்கை ஊர் தபாலாபீசிலிருந்து இங்குள்ள வங்கிக்கு மாற்றும் மனுவை அங்கே கொடுக்கச் சொல்லி உங்களுக்கு அனுப்பி மூன்று மாதமாகிறது. "அன்னைக்கே குடுத்தாச்சுல" என்கிறீர்கள். வங்கி மேடமோ, "ஒண்ணும் வரலப்பா. குடுத்ததுக்கு ரசீது இருக்குமே, வாங்கிகினு வா" என்றார். போனில் ரசீதைக் கேட்டேன். பார்சலில் முறுக்கு வந்தது. அறையில் யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.

அவசரத்துக்கு இருக்கட்டுமென்று நான் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்துவிட்டு வந்த, அந்தக் கணக்கில் பணம் எடுக்கும் படிவம் பத்திரமாக இருக்கிறதா? தங்கை வீட்டுக்காரர் புது பைக்கில் வந்தாராம், அம்மா சொன்னாள்.

எடுத்திருந்தால் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள், கோபிக்க மாட்டேன். கம்பெனி பஸ் வந்துவிட்டது. மறுபடியும் முறுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் மகன்
உச்சிமாகாளி