பதினெட்டில் ஒன்றைக்கூட விடவில்லை, மாமா

கடலூர் முதுநகர்
18-01-2026, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம்
எண்ணிக்கை: பதினெட்டு

மஸ்கட்டில் இருக்கும் ராமாமிர்தம் மாமாவுக்கு ஸ்ரீதர் வணக்கம் சொல்லி எழுதுவது.

மேலே இருக்கும் எண் கைதவறி விழுந்ததில்லை. போன தையில், சிதம்பரத்தில் உங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தேன். ஒரு போன் பேச்சில் மாட்டிக்கொண்டேன் என்றேன். பந்தியில் நாலு பேர் கேட்க, இவன் மூளை மிக்சர் பொட்டலம்டா, எல்லாம் இருக்கும், வயிறு மட்டும் நெறையாது என்றீர்கள். அப்புறம் மாடிக்குக் கூப்பிட்டு, ஒரு வருஷம் டைம் தர்றேன், ஒன் கிறுக்குல ஒன்ன வச்சிக்கிட்டு மத்தத மூட்ட கட்டு, அடுத்த தை பொறந்ததும் நம்ம சத்யாவப் பத்திப் பேசலாம் என்றீர்கள். தை பிறந்து இன்றோடு நாலு நாள். நீங்கள் வைத்த இலக்கு ஒன்று. என் கையில் இருப்பது பதினெட்டு. நிபந்தனைப்படி நான் தோற்றாகிவிட்டது. ஆனாலும் உங்கள் மகள் சத்யப்பிரியாவைப் பெண் கேட்டுத்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. பாதியில் மடித்து வைக்காமல் படியுங்கள்.

வாட்சப்பில் அனுப்பினால் 'ம்' என்று ஒற்றை எழுத்தில் முடித்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம். லீவில் வந்த கதிர்வேல் புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா நலம். சர்க்கரை 142, முறுக்கு தின்றது தெரிகிறது. அத்தையும் நலம், மாடிக் குழாய் ஒழுகியதை நான் போய்ச் சரி செய்துவிட்டேன். உங்கள் முழங்கால் எப்படி? ஏணி ஏறுவதை விடச் சொல்லி டாக்டர் சொன்னதாக அத்தை சொன்னார். நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒன்று: நான் உங்களை ஏமாற்றவில்லை. எனக்குக் கம்பெனியில் வேலையே பிரஷர் கேஜ் சரியான அளவைக் காட்டுகிறதா என்று சோதிப்பதுதான். தப்பான எண்ணை எழுதுவது எனக்கு வராது. சித்திரையில் பதினாறு இருந்தது. பட்டாம்பூச்சிப் படங்களைக் கொடுத்துவிட்டேன். பூட்டுத் திறக்கும் கம்பிகளை அம்மா பரணில் போட்டார். துறைமுகத்தில் கடல் ஏற்ற இறக்கம் அளப்பதை நிறுத்தினேன். ஆவணியில் ஐந்து. அந்த மாதம் நான் எப்படி இருந்தேன் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், சுவரைப் பார்த்தேன். ஐப்பசியில் பதினேழு ஆனது. சத்யாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, ஒன்னே ஒன்ன வச்சிக்கிட்டா அதையே நாள் பூரா பேசி என்னைக் கொல்லுவ மச்சான், பதினேழு இருந்தாதான் எனக்கும் மாத்தி மாத்திக் கேக்க நல்லாருக்கும் என்றாள்.

இப்போது விஷயம்.

இந்த மாதம் 8-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 9.20-க்கு சத்யா போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் எலும்பு வார்டில் ஒரு வடநாட்டு அம்மாள், அறுபது வயது இருக்கும். செவ்வாய்க்கிழமை சிதம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்திருக்கிறார். மறுநாளுக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் படுத்த படுக்கையாகிவிடுவார், நெஞ்சில் சளி கட்டும் என்கிறார் டாக்டர். அந்த அம்மாளோ கிட்டே போனால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். கையெழுத்துமில்லை, கைநாட்டுமில்லை. ஒன் பதினேழுல எதாவது ஒன்னு இன்னிக்கு வேலைக்கு ஆவுமா, பாரு, ஒடனே வா என்றாள். லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஐம்பது நிமிடத்தில் சிதம்பரம்.

நம் ஊரில் வடக்கேயிருந்து வந்தவர் எல்லாரும் இந்திக்காரர்தான். அதனால் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு ராஜஸ்தான்காரரை அழைத்து இந்தியில் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் எதைக் கேட்டாலும் 'ஹாங்' என்று தலையாட்டியிருக்கிறார். சொந்தக்காரர் இல்லையா என்றதற்கும் 'ஹாங்'. அதை அப்படியே எழுதி, ஆதரவற்றவர் என்று சீட்டில் போட்டுவிட்டார்கள். பையில் விருத்தாசலத்துக்கு எடுத்த டிக்கெட் இருந்திருக்கிறது. டிக்கெட்டு விருத்தாசலத்துக்கு, ஆளு சிதம்பரத்துல, சும்மா ரயில்ல சுத்துற கேசு என்று வார்டு ஊழியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு அந்த டிக்கெட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ரயில் கால அட்டவணை என் கணக்கில் நான்காவது. விழுப்புரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சி. இன்னொன்று கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை. விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறும்போது தப்பான நடைமேடையில் ஏறியிருக்கிறார். அவர் சுற்றவில்லை. விருத்தாசலம் பக்கம் யாரையோ தேடி வந்திருக்கிறார்.

இது வரைக்கும் சரி. அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். அவர் நெற்றியில் பச்சை குத்திய மூன்று கோடுகள் இருந்தன. எங்கோ ஒரு படத்தில் பார்த்த நினைவில், இவர் சந்தாலி பேசுகிறவர் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த நூறு சந்தாலி வார்த்தையையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அரை மணி நேரம் வீண். சத்யா என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒனக்குத் தெரிஞ்சதக் காட்டாத மச்சான், அவுங்க என்ன சொல்றாங்கன்னு மொதல்ல கேளு என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மா வேறு, இந்தப் புள்ள வைத்தியம் பாக்க வந்துச்சா, பாட்டு பாட வந்துச்சா என்றார்.

வாயை மூடி உட்கார்ந்தேன். பதினொரு நிமிடம். எனக்கு அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டே விரல் கணுக்களைத் தொட்டு எதையோ எண்ண ஆரம்பித்தார். ஒண்டா. ஏண்ட். மூந்த். நாக். நாலோடு நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து.

எனக்குத் தெரிந்த எண்கள் மாமா. அது குடுக் மொழி. ஜார்க்கண்டுக் காட்டில் பேசுகிறார்கள். நம் தமிழுக்குப் பங்காளி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளம்பி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு உடம்பில் உட்கார்ந்திருக்கின்றன. பல்லுக்கு அவர்களும் பல் என்றுதான் சொல்கிறார்கள். கிரகப்பிரவேசத்தன்று என்னைத் தாமதமாக்கிய போன் பேச்சு இதைப் பற்றித்தான். கும்லாவில் ஜோசப் திர்க்கி என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவருக்குத் தமிழ் வேர் சொல்வேன், அவர் எனக்குக் குடுக் வேர் சொல்வார். அப்போதே அவரைக் கூப்பிட்டு, போனை அந்த அம்மாள் காதில் வைத்தேன்.

ஒரு வார்த்தைதான் கேட்டது. அந்த அம்மாள் அழுத அழுகையில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாளாக அவர் பேசியது ஒருவருக்கும் புரியவில்லை. இப்போது ஒருவருக்குப் புரிகிறது.

திர்க்கி வாத்தியார் எனக்கு இந்தியில் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். பெயர் ஏத்வாரி, ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால். மகன் மங்ரா, செவ்வாய்க்கிழமை பிறந்ததால். மகன் விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் பக்கம் பாலம் கட்டும் வேலைக்கு வந்து, நாலு மாதமாக ஒரு போனும் இல்லை. விரல் விட்டு எண்ணியது அந்த நாலு மாதத்தைத்தான். ஆபரேஷன் செய்ய வேண்டிய காலில் டாக்டர் மை போட்டு அடையாளக் கோடு இழுத்திருந்தார், அந்தக் கோட்டோடு காலை வெட்டப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். வெட்டவில்லை, உள்ளே கம்பி வைக்கிறார்கள் என்று வாத்தியார் மூன்று தடவை சொன்னார். நம்பினார். ஆனாலும், மகனைக் கண்ணால் பார்க்காமல் மயக்க மருந்துக்குச் சம்மதிக்க மாட்டேன், கண் திறக்காமல் போனால் அவன் எங்கே வந்து தேடுவான் என்று கேட்டாராம்.

அப்போது மணி 11.40. பாலம் கட்டும் மேஸ்திரி சடையப்பன் நம்பரை எப்படியோ பிடித்தேன். மங்ராவா, அப்பிடி யாரும் இங்க இல்லியே தம்பி என்றார். நன்றாக யோசியுங்கள் என்றேன். அவுங்க பேரெல்லாம் நம்ம வாயில நொழையுமா, நான் எல்லாத்துக்கும் ராஜுன்னு வச்சிருக்கேன், ராஜு ஒன்னுலேந்து ராஜு முப்பத்தொன்னு வரைக்கும் இருக்கு, ஒனக்கு எத்தினாம் நம்பர் வேணும் என்றார். ஜோக் இல்லை. வருகை எழுதும் ஹாஜர் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, அப்புறம் கண்ணால் பார்த்தேன்.

சேத்தியாத்தோப்பு வழியாக வண்டியை விரட்டினேன். போனபோது சாப்பாட்டு நேரம். முப்பத்தொரு பேர் நிழலில் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். மங்ரா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போயிருக்கலாம். ஆனால் போலீஸ் என்று நினைத்து ஒருவரும் வாய் திறக்காவிட்டால்? ஜல்லிக் குவியல் மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். ஒண்டா! ஏண்ட்! மூந்த்! நாக்!

முப்பது பேர் என்னைப் பைத்தியம் என்று பார்த்துவிட்டுச் சோற்றைத் தொடர்ந்தார்கள். ஒருவன் மட்டும் தட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

போனில் வாத்தியாரைக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே அவன் வண்டியில் ஏறிவிட்டான், கை கூடக் கழுவவில்லை. நாலு மாதம் முன்பு அவனுடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போயிருக்கிறது. அம்மாவின் நம்பர் அதற்குள்தான் இருந்தது. கம்மாபுரத்திலிருந்து சிதம்பரம் வரை பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தான். வார்டில் நுழைந்ததும் ஏத்வாரி அம்மாள் அவனைக் கிட்டே வரச் சொல்லி, படுத்தபடியே ஓங்கி ஓர் அறை விட்டார். அப்புறம் அவன் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அப்புறம் கட்டைவிரலை நீட்டினார், மை கொண்டுவரச் சொல்லி.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பொங்கலன்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். ஒரு வாய் தின்றுவிட்டு, இனிப்பு ஜாஸ்தி என்று முகத்திலேயே காட்டினார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தை பூஜ்யம். என்ன பேசிக்கொண்டார்களோ, அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். கேட்டேன். தூரத்துல இருக்குறவங்கள நெனச்சு ஏங்குறது தாய் மட்டுந்தானா என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. வலிக்கிறதா, எங்கே, தண்ணீர் வேண்டுமா, பயப்படாதீர்கள் என்று அறுபது சொற்களை குடுக், ஒடியா, வங்காளம், இந்தி நாலிலும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதை வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சடையப்பன் மேஸ்திரி நேற்று அவராகவே போன் செய்து, முப்பத்தொரு ராஜுவுக்கும் நெசப் பேர எழுதித் தந்துட்டுப் போ தம்பி, ஒன்னோட பெரிய ரோதனயாப் போச்சு என்றார். எலும்புகளின் பெயர்களும் எனக்கு இப்போது பிடித்துவிட்டன. அதுதான் பதினெட்டாவது.

இப்போது நேராகக் கேட்கிறேன். நீங்கள் மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்மேன். அரபி, மலையாளம், வங்காளம், இந்தி எல்லாம் பேசி ஐம்பது பேரை வேலை வாங்குகிறீர்கள். ஆளின் தாய்மொழியில் கேட்டால்தான் அவன் உண்மையைச் சொல்லுவான் என்று அம்மாவிடம் சொன்னவரே நீங்கள்தான். உங்களுடையது வேலை, என்னுடையது மிக்சர் பொட்டலமா? அந்த வியாழக்கிழமை என்னிடம் ஒன்று மட்டும் இருந்திருந்தால், எதை வைத்திருப்பேன்? ரயிலையா, குடுக்கையா? எதை வைத்திருந்தாலும் அந்த அம்மாள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். குறைக்கச் சொன்ன உங்கள் கணக்கு தப்பு, மாமா. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன்.

சத்யாவிடம் இதைப் போனில் படித்துக் காட்டினேன். கோவமா எழுதியிருக்க, ஆனா ஒரு வரியும் அடிக்காத, அப்பாவுக்கு இப்பிடிச் சொன்னாத்தான் ஏறும் என்றாள். தனக்காக ஒன்று எழுதச் சொன்னாள்: அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமாம்.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
ஸ்ரீதர்

இனி நான் செய்யப்போவது:

1. இன்று பத்து மணிக்குக் கம்மாபுரம். முப்பத்தொரு பெயர்.

2. மங்ராவுக்கு என் பழைய போன். அவன் அம்மாவின் நம்பரை அவன் கையிலேயே பச்சை குத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், சிரித்தான், செய்வான்.

3. ஏத்வாரி அம்மாள் நடக்க ஆரம்பித்ததும் ராஞ்சிக்கு ரயிலில் இரண்டு கீழ்ப்படுக்கை. எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று எழுதியும் தருவேன்.

4. பரணிலிருந்து பூட்டுக் கம்பிகளை இறக்குவது.

5. மாசியில் அம்மாவோடு தட்டு எடுத்துக்கொண்டு முறைப்படி உங்கள் வீட்டுக்குப் போவது. நீங்கள் வரும்வரை நாள் குறிக்க விட மாட்டேன். வீடியோ காலில் தலையாட்டுவது செல்லாது. சத்யாவுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும், அத்தையும் அதற்காகத்தான் காத்திருக்கிறார். கிளம்பி வாங்க மாமா.