கீப் யுவர் ஷர்ட் ஆன்

இன்று காலை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், கல்லூரிக்குப் போகும் ஒருத்தி, கத்திக்கொண்டிருந்த தன் தோழியிடம் "கீப் யுவர் ஷர்ட் ஆன்" என்றாள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீ போனபிறகு வேறு யார் வாயிலும் அதை நான் கேட்டதில்லை.

நான் காட்கோபரில் ஏறுவேன், நீ மாட்டுங்காவில். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவதாக ஒருத்தி ஒட்டிக்கொள்ளும் இடத்தில் என் பையை வைத்து உனக்காகக் காப்பேன். அந்தப் பெட்டியில் அது பெருங்குற்றம். தினமும் யாராவது பையைத் தள்ளுவாள். இந்தியெல்லாம் மறந்துபோய், "ஆளு வருதுன்னு சொல்லுதேன்லா!" என்று தாராவியில் வளர்ந்த என் தொண்டை கிளம்பும்.

நீ ஏறியதும் தோளைத் தட்டி அந்த வாக்கியத்தைச் சொல்வாய். "சேலை கட்டுனவளுக்கு என்னட்டி சட்டை?" என்று ஒருநாள் கேட்டேன். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அடிதடிக்கு நிற்பவனிடம் சொல்வதாம். பொறு, கொதிக்காதே என்று அர்த்தமாம். மறுநாளே அதை மேனேஜரிடம் எடுத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அசடு! கோவமா இருக்கறவாகிட்டதான் சொல்லணும். அதுவும் நமக்கு ரொம்ப வேண்டியவாளா இருந்தா மட்டும்."

ஒரு திங்கட்கிழமை நீ வந்து உட்கார்ந்ததும், "ரிப்போர்ட் இன்னும் வரலடி. பயமா இருக்கு" என்றாய். உன்னை மடக்க எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். "கீப் யுவர் ஷர்ட் ஆன்" என்றேன். சிரித்தேன் வேறு. நீயும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதற்குமேல் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நீ ஆஸ்பத்திரியில் இருப்பதே உன் அக்கா போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது. நான் வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை.

உனக்கு வந்தது கோபமா? பயம்தானே. யாரிடம் சொல்லலாம் என்று அத்தனை தெளிவாக நீ சொல்லியும் என் மரமண்டையில் ஏறவில்லை.

இப்போது நாலாவது இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். நான் இறங்கும் வி.டி. ஸ்டேஷன் வரை ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. ஆபீசில் மட்டும் யாராவது முகம் வாடி நின்றால், வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்கிறேன். நான் ரொம்ப மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் மனம் லேசாகி எழுந்து போவார்கள். உன்னிடம் கேட்காத கேள்வியோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

என்ன ரிப்போர்ட்டு ஏட்டி? எங்கிட்ட சொல்லு.