பனியன் துணியில் கட்டிய புதினா

இன்று காலை பெருமாநல்லூர் பேருந்தில் என் அருகே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் பை, பைக்குள் புதினா. வாசனை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பனியன் கம்பெனி ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மெல்ல மிதக்கிறது. நீ ஓவர்லாக் மெஷின்மேல் குனிந்திருக்கிறாய். கண்ணைத் திறந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது. எல்லாம் உன்னால்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் செக்கிங், நீ தையல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அயர்ன் ஆவியும் மெஷின் எண்ணெயும் சேர்ந்து எனக்குக் குமட்டும்போது, நான் முகத்தில் கட்டியிருக்கும் துணிக்குள் இரண்டு புதினா இலையைச் செருகிவிடுவாய். "மோந்துக்கிட்டே இருங்கக்கா, கொமட்டாது." தலை லேசாகிவிடும். அதுவரை மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்த எனக்கு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று உன்மேல் கோபம்கூட வந்தது.

அது காசு கொடுத்து வாங்கிய செடி அல்ல. துவையலுக்கு இலையைக் கிள்ளிய பிறகு, குப்பைக்குப் போக வேண்டிய தண்டுகளை லைன் வீட்டு வாசலில் ஓட்டை பக்கெட்டுகளில் ஊன்றினாய். போர் தண்ணீர் உப்பு என்று அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்றினாய். நான் சிரித்தேன். அதுவோ வெட்ட வெட்டத் தழைத்தது. பிரியாணிக் கடைக்காரர் வாங்கினார், மெஸ்காரம்மா வாங்கினார், அஜீரணம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் சூப்பர்வைசரும் வாங்கினார். கட்டுவதற்குக் கட்டிங் வேஸ்ட் பனியன் துணி. புதினாக் கட்டைச் சுற்றிச் சிவப்புத் துணி இருந்தால், கம்பெனியில் சிவப்பு ஆர்டர் ஓடுகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அத்தனையும் உன் மகளுக்காக. கைக்குழந்தையாக உன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவளை, தனியாக ஒரு ரூம் பிடித்து அழைத்துவர வேண்டும் என்பதே உன் கனவு. அழைத்தும் வந்தாய். பஸ்ஸில் வாந்தியெடுத்து வாடி இறங்கிய பிள்ளைக்குப் புதினாச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தாய். பாதி குடித்துவிட்டு, "போதும் சித்தி" என்றாள். அவளுக்கு வளர்த்தவள்தான் அம்மா. நீ டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "எப்படிக் கூப்ட்டா என்னக்கா, இனி பக்கத்துல படுத்துக்கிடுவால்லா." அவளை நீ ஒரு நாளும் திருத்தவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு மத்தியானம். டீ குடிக்க வெளியே வந்தேன். கம்பெனி வாசலில் புதினாக் கூடையோடு உன் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு அம்மா பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, இந்தக் கட்டப் பிரிச்சுப் பாதி குடேன்."

"பிரிக்கக் கூடாது. எங்கம்மா கட்டுனது."

டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். மெஷின் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து கத்தினேன். நீ பெடலிலிருந்து காலை எடுத்தாய்.

"இன்னொருக்கா சொல்லுங்கக்கா."

சொன்னேன். மறுபடியும் கேட்டாய். மறுபடியும் சொன்னேன்.

நீ இறந்துபோன பிறகும் உன் மகள் என்னைப் பார்க்க வருகிறாள். வாய்க்கு வாய் அம்மா, அம்மா என்று உன்னைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடத் தோன்றுகிறது எனக்கு, உன்னிடம் வந்து சொல்ல.