என் பெயரில் போன படங்கள்

மார்ச் 3
கண் எரிகிறது. ஒரே கல்லீரல் ஸ்கேனில் அடுக்கடுக்காகப் படங்கள். ஒவ்வொன்றிலும் கட்டியைச் சுற்றி எல்லை வரைய வேண்டும். தம்பியின் கம்பெனி அதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறது. எங்கள் மருத்துவமனையில்தான் சோதனை. சொல்லிக்கொடுக்க ஸ்கேன் பார்க்கிற டாக்டர் வேண்டும், அகப்பட்டவள் நான்.

மாலையில் வந்தான். “அக்கா, இனிமே எல்லாத்தையும் நீ வரைய வேண்டாம். கொஞ்சம் வரைஞ்சு குடு, மிச்சத்த அதுவே வரையும். நீ பார்த்துத் திருத்தினா போதும். நீ பாக்காம ஒண்ணும் வெளிய போகாது.”

என் கண்ணுக்காகக் கவலைப்பட ஒருவன் இருக்கிறானே என்றிருந்தது.

மார்ச் 19
திருத்த வேண்டியவை குறைந்துகொண்டே வருகின்றன. நன்றாகத்தான் கற்றுக்கொள்கிறது. கொஞ்சம் பெருமையும்கூட.

ஏப்ரல் 2
இந்த வாரம் படமே வரவில்லை. கேட்டால், “ரெஸ்ட் எடுக்கா” என்கிறான்.

ஏப்ரல் 11
அறுவை சிகிச்சை டாக்டர் கூப்பிட்டார். நாளை ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன். “ரத்தக்குழாய் பக்கம் கட்டி நீளுற மாதிரி தெரியுது. நீங்க ஏன் அத விட்டுட்டு வரைஞ்சிருக்கீங்க?”

போய்ப் பார்த்தேன். படத்தின் கீழே ‘சரிபார்த்தவர்’ என்று என் பெயர். அந்தப் படத்தை நான் கண்ணால் கண்டதே இல்லை.

அவர் கேட்காமல் விட்டிருந்தால்? அந்தப் பெண்ணின் உடம்பில் ஒரு துண்டு அப்படியே —

உட்கார்ந்து சரியாக வரைந்து கொடுத்தேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். நிதானமாகச் சொன்னான்: “நீ திருத்துறதே கம்மியாயிடுச்சேக்கா. அதான் நேரா அனுப்பிட்டோம். டாக்டர் பேரு இருந்தாத்தான் ஏத்துக்குவாங்க. உன் பேருதானே, யாரோடதோ இல்லையே.”

உன் பேருதானே. கூடப் பிறந்தவன் சொல்கிறான். எனக்கு ரெஸ்ட் குடுத்தானாம். அடப்பாவி, எத்தன பேர் படத்துல என் பேரப் போட்டு வெச்சிருக்கே?

ஏப்ரல் 12
மருத்துவமனை இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சோதனை நின்றது. என் பெயரில் போன படங்களை இப்போது நானே பார்க்கிறேன். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கின்றன. அதுதான் இன்னும் வலிக்கிறது. அனுப்பியிருந்தால் பார்த்துக் கொடுத்திருப்பேனே.

ஏப்ரல் 20
அம்மா சொல்கிறாள்: “தம்பி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே.”
“ஒரு உயிரும்மா.”
“அதான் ஒண்ணும் ஆகலையே.”

மே 8
அந்தப் பெண் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அம்மா போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான். நீயும் வந்துட்டுப் போ.”

“டியூட்டி இருக்கும்மா” என்றேன்.

ஞாயிறு எனக்கு விடுமுறை.